கணினி கேள்வி–பதில்: கரண்ட் போய் வந்தால் ஷேர் ஃபோல்டர் ஏன் படுத்துக்கொள்கிறது?

கேள்வி: அக்கா, கோத்தகிரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர், பில் போட ஒன்று. இரண்டிலும் லினக்ஸ் மின்ட் ஓஎஸ், அதில் மேட் டெஸ்க்டாப். இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் பெரிய ஹார்டு டிஸ்க் போட்டு, சாம்பா என்ற ஷேர் மென்பொருள் வழியாக ஷேர் செய்து, எல்லாப் படங்களையும் அதில்தான் வைக்கிறோம். கொஞ்ச நாளாக அந்த ஷேரைத் திறந்தால், ஃபோல்டர்களைக் காட்டும் காஜா செயலியின் விண்டோ படக்கென்று மறைந்துவிடுகிறது. டெஸ்க்டாப் ஐகான்களும் கூடவே காணாமல் போய், பிறகு தானாகத் திரும்பி வருகின்றன. சில சமயம் மறையாமல் அப்படியே உறைந்து நிற்கிறது, மவுஸ் மட்டும் நகர்கிறது. ஹெத்தையம்மன் திருவிழாப் படங்கள் உள்ள ஃபோல்டரில்தான் அதிகம் மறைகிறது. கரண்ட் போய் வந்த பிறகு உறைவது நிச்சயம். பார்க்க வந்தவர் "டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும், ஓஎஸ்ஸையும் அழிச்சுட்டு புதுசா போடணும்" என்கிறார். செய்யலாமா? — ஸ்டுடியோ உரிமையாளர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, படங்கள் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகி, எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நெட்வொர்க் வழியாக எடுக்காதீர்கள், சந்தேகமே அதன் மேல்தான். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம் போனால் திரும்ப எடுக்க முடியாது. நகல் கையில் இருந்தால்தான் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. மறைவது ஒன்று, உறைவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் வந்தவரும் டிஸ்க்கைக் கைகாட்டியிருக்கிறார். டிஸ்க் போயிருந்தால் பெரும்பாலும் 'இன்புட் அவுட்புட் எரர்' என்று செய்தி வரும், அந்தப் பழைய கம்ப்யூட்டரில் நேராக உட்கார்ந்து திறந்தாலும் தடுமாறும். அங்கே உட்கார்ந்து அதே திருவிழா ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அப்படியே மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ஸ்மார்ட் தகவலையும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றிக் குறித்து வைத்திருப்பதையும் பாருங்கள். 'பெண்டிங் செக்டார்', 'ரீஅலோகேட்டட் செக்டார்' இரண்டும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் மேல் பழி போட ஆதாரம் இல்லை. எண் ஏறியிருந்தால் வந்தவர் சொன்னது சரிதான், மாற்றிவிடுங்கள்.

சரி, மறைவதற்கு வருவோம். மேட் டெஸ்க்டாப்பில் காஜா இரட்டை வேலை பார்க்கிறது. ஃபோல்டர் விண்டோக்களைக் காட்டுவதும் அதுதான், டெஸ்க்டாப்பில் ஐகான்களை வரைவதும் அதுதான். அது விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். விழுந்ததைப் பார்த்து மேட் அதைத் திரும்ப எழுப்பிவிடுவதால் ஐகான்கள் மறுபடி வருகின்றன. நீங்கள் அந்த ஐகான் விஷயத்தை எழுதியது பெரிய உதவி. அதை வைத்தே விழுந்தது காஜாதான் என்று இங்கே குன்னூரில் இருந்தபடி சொல்ல முடிகிறது.

எதனால் விழுந்தது என்பதை மின்ட் குறித்து வைத்திருக்கும். மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' திறந்து, அதில் 'கிராஷ் ரிப்போர்ட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். தேதி, நேரத்தோடு காஜாவின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் கீழே புரியாத வரிகள் நீளமாக வரும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், மேலே உள்ள சில வரிகள் போதும். அங்கே 'இமேஜ் கன்வெர்ட்டர்' மாதிரி ஏதாவது ஒட்டுச் செயலியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்டுடியோக்காரர்கள் பெரும்பாலும் அதைப் போட்டு வைத்திருப்பார்கள், ரைட் கிளிக்கில் படத்தின் அளவை மாற்ற வசதி என்பதால். இந்த ஒட்டுகள் தனியாக ஓடுவதில்லை, காஜாவுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுகின்றன. ஒட்டு தடுக்கினால் காஜாவே விழும். காஜாவின் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கம். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, லாக் அவுட் செய்து உள்ளே வந்து, ஷேரைத் திறந்து பாருங்கள். விழவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை எடுத்துவிட்டால் போதும்.

ஒட்டை எடுத்தும் விழுந்தால், அடுத்த சந்தேகம் சின்னப் படம், அதாவது தம்ப்நெயில். உங்கள் விஷயத்தில் எனக்கு இதன் மேல்தான் அதிகச் சந்தேகம், ஏனென்றால் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில்தான் அதிகம் மறைகிறது என்கிறீர்கள். ஃபோல்டரைத் திறந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன உருவம் தெரிகிறதே, முதல் தடவை அதைச் செய்ய முழுப் படமும் நெட்வொர்க் வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு படம் 8 எம்பி, ஃபோல்டரில் 1,000 படம் என்றால் 8 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12 எம்பிதான் போகும். சும்மா திறந்து பார்ப்பதற்கே 11 நிமிடம் லைன் முழுக்க நிரம்பி ஓடும். அதற்கு நடுவில், கரண்ட் போனபோது பாதி மட்டும் நகலான படம் ஒன்று உள்ளே கிடந்தால், அதைப் பிரித்துப் பார்க்கப் போய்ச் செயலி விழ வாய்ப்பு உண்டு. விழுந்து எழுந்த காஜா மறுபடி அதே ஃபோல்டருக்குப் போனால் மறுபடி அதே படத்தில் விழும்.

அதே பிரிஃபரன்சஸில் 'பிரிவ்யூ' பக்கம் போய், ஷோ தம்ப்நெயில்ஸ் என்பதை 'லோக்கல் ஃபைல்ஸ் ஒன்லி' என்று மாற்றுங்கள். கீழே 'கவுன்ட் நம்பர் ஆஃப் ஐட்டம்ஸ்' என்பதையும் அப்படியே மாற்றுங்கள், அது ஒவ்வொரு துணை ஃபோல்டருக்குள்ளும் போய் எண்ணிக்கொண்டிருக்கும். இப்போது திருவிழா ஃபோல்டர் விழாமல் திறந்தால், குற்றவாளி ஏதோ ஒரு படம். சைஸ் வாரியாக அடுக்கினால் பூஜ்யம் பைட் கோப்பும், மற்றதைவிட வித்தியாசமாகச் சிறுத்திருப்பதும் மேலே வந்து நிற்கும். அவற்றைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் தம்ப்நெயிலைப் பழையபடி போட்டுக்கொண்டு, படங்களில் பாதியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திச் சோதியுங்கள். எந்தப் பாதியில் விழுகிறதோ அதைத் திரும்பப் பாதியாக்குங்கள். 1,000 படம் இருந்தாலும் பத்தே பிரிவில் அந்த ஒரு படத்துக்கு வந்துவிடலாம். கேமரா கார்டில் மூலப்படம் இன்னும் இருந்தால் அதிலிருந்து திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்ட்டின் பதிப்பையும் பாருங்கள். மின்ட் 20-க்கு ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அதற்கு முந்தையது என்றால் சொல்லவே வேண்டாம். காஜாவைச் செய்பவர்கள் ஏற்கெனவே சரிசெய்த பிழையோடு நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். புதிய பதிப்பிலும் விழுந்தால், அந்த கிராஷ் ரிப்போர்ட்டை நகலெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். எந்தக் கோப்பில், என்ன செய்தபோது விழுந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். 'ஷேர் திறந்தால் கிராஷ்' என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கோத்தகிரி ஸ்டுடியோவில் இருந்து போகும் ஒரு நல்ல புகார், எங்கோ இருக்கும் இன்னொருவருடைய கம்ப்யூட்டரையும் சரிசெய்யும்.

இனி உறைவது. காஜா உங்கள் பழைய கம்ப்யூட்டரோடு நேராகப் பேசுவதில்லை. இடையில் ஜிவிஎஃப்எஸ் என்ற ஒரு பின்னணி வேலையாள் இருக்கிறது, அதுதான் போய்க் கேட்டு வாங்கி வருகிறது. கடையில் கல்லாவில் இருப்பவர் குடோனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவன் வரும்வரை உங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பாரே, அந்த நிலைதான். கல்லாக்காரரை எத்தனை முறை உலுக்கினாலும் சரக்கு வராது.

குடோனுக்குப் போனவன் ஏன் வரவில்லை? கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்கு மழை உங்களுக்குக் குறைவு, வடகிழக்குதான் கொட்டும். காற்றடித்தால் கற்பூர மரமோ சீகை மரமோ லைன் மேல் சாயும், கரண்ட் போகும். எடிட்டிங் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருந்தால் அணையாது. ரவுட்டரும் படங்கள் உள்ள கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸில் இல்லை என்றால் அணைந்துவிடும். மறுமுனை போன செய்தி இந்த முனைக்கு வராது. ஃபோன் லைன் துண்டானது தெரியாமல் காஜாவின் வேலையாள் காத்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வந்து ரவுட்டர் எழுந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, புதிதாகக் கொடுக்கும். நேற்று 50 என்று முடிந்த எண் இன்று 53 என்று முடியலாம். பக்கப்பட்டியில் நீங்கள் புக்மார்க் போட்டிருப்பது பழைய எண்ணுக்கு என்றால், அங்கே யாருமே இல்லை.

அந்த நேரத்தில் திரும்பத் திரும்பச் சொடுக்காதீர்கள். ஒவ்வொரு சொடுக்கும் வரிசையில் இன்னொரு வேலையாகச் சேரும். பக்கப்பட்டியில் ஷேரின் மேல் ரைட் கிளிக் செய்து அன்மவுண்ட் கொடுங்கள். அது நகரவில்லை என்றால் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு லாக் அவுட் செய்து வாருங்கள். பெரும்பாலும் அந்தப் பின்னணி வேலையாள் அதோடு போய்ப் புதிதாக வரும்.

பிறகு சோதனையை அருகிலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போங்கள். டெர்மினலில் ரவுட்டரின் எண்ணுக்குப் பிங் கொடுத்துப் பாருங்கள், மறுமுனை பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை அது. பதில் வந்தால் படங்கள் உள்ள கம்ப்யூட்டரின் எண்ணுக்குக் கொடுங்கள். அங்கும் பதில் வந்தால் காஜாவில் கண்ட்ரோல், எல் இரண்டையும் அழுத்தி, முகவரிப் பட்டியில் பெயருக்குப் பதில் எண்ணை வைத்தே ஷேரைத் திறங்கள். எண்ணால் திறந்து பெயரால் திறக்கவில்லை என்றால், ஷேர் நன்றாகத்தான் இருக்கிறது, பெயரைத் தேடுவதில்தான் கோளாறு. பெயருக்குப் பின்னால் 'டாட் லோக்கல்' சேர்த்துத் திறந்து பாருங்கள்.

பிங் விட்டு விட்டு வந்தால் கேபிளைக் கழற்றுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பிளாஸ்டிக் முனையைத் திருப்பிப் பாருங்கள். எட்டு பித்தளை நிறக் கோடுகள் பளிச்சென்று இருக்க வேண்டும். மலையில் ஈரம் ஏறி, கம்பி நுழையும் இடத்தில் பச்சை பூத்திருக்கும், அல்லது வெள்ளைத் தூள் படிந்திருக்கும். மலிவான கேபிள்களில் உள்ளே முழுச் செம்பு கிடையாது, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. குன்னூர் பெட்ஃபோர்டில் என் மேஜைக்கு வரும் "நெட்வொர்க் ஸ்லோ" புகார்களில் இந்த முனைதான் அடிக்கடி அகப்படுகிறது. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் லைன் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், 100-க்கு இரண்டு ஜோடி போதும் என்பதால். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் தீர்ந்தது.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியது: ரவுட்டர் அமைப்பில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒன்று உண்டு, அதில் படங்கள் உள்ள கம்ப்யூட்டருக்கு ஒரே எண்ணை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, அதற்கென்றே சின்ன யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது. நீங்கள் டிஸ்க்குக்கு ஒதுக்கி வைத்த பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஷேரில் இருக்கும் படத்தை அங்கேயே திறந்து எடிட் செய்து அங்கேயே சேமிக்காதீர்கள். சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழைய படமும் இல்லை, புதிய படமும் இல்லை, பாதிக் கோப்புதான் மிஞ்சும். அந்தப் பாதிக் கோப்புதான் நாளைக்குக் காஜாவைத் தள்ளிவிடும். உங்கள் டிஸ்க்குக்கு நகலெடுங்கள், முடியுங்கள், அப்புறம் திரும்ப ஷேரில் போடுங்கள்.

கேள்வி: மேடம், பள்ளியில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருந்து லினக்ஸ் ஷேருக்குக் கோப்புகளை நகலெடுக்கிறோம். ஆங்கிலப் பெயர் உள்ளவை எல்லாம் போகின்றன. தமிழில் நீளமாகப் பெயர் வைத்தவை மட்டும் பெயர் நீளம் என்று சொல்லி நின்றுவிடுகின்றன. ஆங்கிலத்தில் அதைவிட நீளமான பெயர்கள்கூடப் போகின்றனவே? — ஆசிரியர், கூடலூர்

பதில்: உங்கள் ஷேரிலோ காஜாவிலோ குறை எதுவும் இல்லை. லினக்ஸ் டிஸ்க்கில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதோடு நம் உயிர்மெய்யில் மெய் ஒரு குறியீடு, உயிரின் அடையாளம் ஒரு குறியீடு, புள்ளியும் தனிக் குறியீடு. 'ஊட்டி' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, உள்ளே ஐந்து குறியீடு, 15 பைட். இதே ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் நான்கு பைட்டோடு முடிந்துவிடும். ஆக, தமிழ்ப் பெயருக்கு மொத்தம் 85 குறியீடுதான் இடம். கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஐம்பதைத் தாண்டினாலே இடிக்கத் தொடங்கலாம். விண்டோஸின் கணக்கு வேறு, அங்கே தமிழ்க் குறியீடும் ஆங்கில எழுத்தும் ஒன்றுக்கு ஒன்று, 255 வரை போகும். அதனால்தான் அங்கே இருந்தது இங்கே நுழையவில்லை.

தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் அப்படித்தான் தேடிப் பழக வேண்டும். வகுப்பு, வருடம், பாடம் ஆகியவற்றை ஃபோல்டர் பெயர்களாகப் பிரித்துவிட்டால் கோப்பின் பெயர் தானாகச் சுருங்கும். 255 என்பது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி வரம்பு. பழைய மின்ட்டில் ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால் மட்டும் வரம்பு இன்னும் குறைவு: 143 பைட், தமிழில் 47 குறியீடு.

கேள்வி: பழைய ரவுட்டரில் யூஎஸ்பி டிஸ்க் செருகி ஷேர் செய்திருந்தோம். லினக்ஸைப் புதுப்பித்த பிறகு திறக்கவே மறுக்கிறது. — வெலிங்டன் வாசகர்

பதில்: ஷேர் செய்யும் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர், அந்த ரவுட்டர் அதன் ஒன்றாம் பதிப்பில் மட்டும் பேசத் தெரிந்ததாக இருக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தாக்குதல் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதன் பிறகு விண்டோஸ் அதை நிறுத்தியது, சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் தானாக இயங்காதபடி அணைத்துவிட்டது. அதைத் திரும்ப இயக்கும் வழியை யாராவது சொன்னால் செய்யாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து ஷேர் செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, வீட்டில் இருந்து கீழே உள்ள டீக்கடைக்கு வைஃபை வருகிறது, பில் ஃபோல்டர் அதில்தான். மிஸ்ட் இறங்கினால் ஷேர் போய்விடுகிறது. பேசாமல் லேன் கேபிள் இழுத்துவிடலாமா? — மஞ்சூர் வாசகி

பதில்: மிஸ்ட்டால் வைஃபை சிக்னல் குறைவது பெயரளவுக்குத்தான். நடுவில் இருக்கும் மரங்களைப் பாருங்கள். மிஸ்ட் இறங்கிய நாளில் இலையெல்லாம் நனைந்து நிற்கும், அந்த ஈர இலைதான் சிக்னலை விழுங்குகிறது. ரவுட்டரைக் கடையை நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கு மாற்றி, கிளை குறுக்கிடாத உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 2.4-க்கு மாற்றுங்கள், மரத்தைத் தாண்ட அதுவே மேல்.

லேன் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். ஆனால் மஞ்சூரில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கம்பியை இழுப்பதை நான் வேண்டாம் என்பேன். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அதன் வேகம் கம்பி வழியாக வந்து இரண்டு பக்கமும் சாதனங்களைச் சுட்டுவிடும். ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி, வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இழுப்பவரிடம் கேட்கும்போது, உள்ளே தாங்குகம்பியும் உலோகம் இல்லாத வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.